தினமும் ஓட்டும் பிக்கப்புக்கு ஆல்-டெர்ரெய்ன் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போவதும் அதே வண்டி, சாமான் ஏற்றுவதும் அதே வண்டி, எப்போதாவது மண் ரோட்டில் இறங்குவதும் அதே வண்டி. அப்படி ஒரு பிக்கப் வைத்திருப்பவர்கள் ஆல்-டெர்ரெய்ன் டயர் வாங்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களிலும் நான் முதலிடம் கொடுப்பது ஒன்றுக்குத்தான்: ஈரத் தார் ரோட்டில், பாடி (பின்னால் சாமான் ஏற்றும் பகுதி) காலியாக இருக்கும்போது, திடீரென்று பிரேக் மிதிக்க வேண்டி வந்தால் அந்த டயர் என்ன செய்யும்? சேறும் பாறையும் அதற்குப் பிறகுதான்.

ஆல்-டெர்ரெய்ன் டயர் என்றால் சரியாக என்ன?

பிக்கப் டயர்களில் பொதுவாக நான்கு வகை உண்டு. தார் ரோட்டுக்கான ஹெச்.டி., எல்லா ரோட்டுக்குமான ஏ.டி., அதைவிட ஒரு படி முரட்டுத்தனமான ஆர்.டி., முழுக்கச் சேற்றுக்கான எம்.டி. ஏ.டி. என்பது ஆல்-டெர்ரெய்னின் சுருக்கம், நாம் பேசுவது அதைப் பற்றி.

தார் ரோட்டு டயரில் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள்) நெருக்கமாக, நீளவாக்கில் பட்டை பட்டையாக இருக்கும். ஏ.டி. டயரில் பட்டன்கள் தனித்தனிக் கட்டிகளாகப் பிரிந்து, இடைவெளி அகலமாக இருக்கும். ஓரத்திலும் பல் போல வெட்டுகள் உண்டு. புது டயரின் பட்டன் ஆழம் தார் ரோட்டு டயரில் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் என்றால், ஏ.டி. டயரில் பெரும்பாலும் 11 முதல் 14 மில்லிமீட்டர். இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது 1976-இல் பி.எஃப். குட்ரிச் கொண்டுவந்த ரேடியல் ஆல்-டெர்ரெய்ன் டயர். இன்று டயர் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிடமும் ஒரு ஏ.டி. வரிசை இருக்கிறது.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

உங்கள் வண்டி தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை என்றால் தேவையில்லை. நல்ல ஹெச்.டி. டயர் ஈரத்தில் சீக்கிரம் நிற்கும், சத்தம் குறைவு, எடை குறைவு, டீசலும் மிச்சம். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏ.டி. போட்டால், அந்தக் கம்பீரத்துக்கான விலையைத் தினமும் ரோட்டில் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரளை ரோடு, கட்டட வேலை நடக்கும் இடம், தோட்டத்துக்குப் போகும் மண் பாதை, ஈரப் புல்தரை, கூர்மையான ஜல்லி இதெல்லாம் வாராவாரம் உங்கள் வழியில் வருகிறதா? அப்போது ஏ.டி. டயர் தன் வேலையைச் செய்யும். சேற்றில் இழுத்து வெளியே வருவது ஒருபுறம் இருக்கட்டும். ஜல்லியில் தார் ரோட்டு டயரின் பட்டன் பிய்ந்து போவதும் ஓரம் கிழிவதும் குறைவதே என் கணக்கில் பெரிய லாபம்.

ஈர ரோட்டில் ஏ.டி. டயர் வழுக்கும் என்கிறார்களே?

எல்லா ஏ.டி. டயரும் வழுக்காது. ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் டயர் தேர்வில் பாதி முடிந்தது.

முதல் காரணம் ரப்பர். ஜல்லியில் பட்டன் பிய்யாமல் இருக்க, வெட்டுக்கும் கிழிசலுக்கும் தாங்கும் கலவை வேண்டும். ஈரத் தாரில் பிடிப்புக் கிடைக்க, சிலிக்கா அதிகம் சேர்ந்த, வளைந்து கொடுத்து ரோட்டின் நுண்ணிய மேடு பள்ளத்தில் படியும் கலவை வேண்டும். இரண்டையும் ஒரே ரப்பரில் முழுமையாகக் கொண்டுவருவது கடினம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஏதோ ஓர் இடத்தில் சமரசம் செய்கிறார். சிலர் ஜல்லிப் பக்கம் சாய்கிறார்கள், சிலர் தார்ப் பக்கம். பெயர் இரண்டுக்கும் ஆல்-டெர்ரெய்ன்தான்.

இரண்டாவது, தொடும் பரப்பு. இடைவெளி அகலமாக இருந்தால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறையும். உயரமான, தனித்து நிற்கும் பட்டன் பிரேக் மிதிக்கும்போது சற்றே மடங்கும். அந்த மடங்கலில் பிடிப்பு கொஞ்சம் போகும்.

மூன்றாவது, பிக்கப்புக்கே உரிய பிரச்சினை. பாடியில் ஒன்றும் இல்லாதபோது பின் அச்சில் எடை மிகக் குறைவு, அதே நேரத்தில் பெரும்பாலான பிக்கப்புகளில் இன்ஜின் சக்தி போவது அந்தப் பின் சக்கரங்களுக்கு. மழை தூறிய ரவுண்டானாவில், வளைந்துகொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் விலகுவது இதனால்தான். அங்கே கடினமான ரப்பரும், அளவுக்கு மீறி ஊதிய காற்றும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. புது ஏ.டி. டயரின் ஆழமான காடிகள் (பட்டன்களுக்கு இடையிலான பள்ளங்கள்) தேங்கிய தண்ணீரை நன்றாக வெளியேற்றும். அதனால் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும் ஆபத்து குறைகிறது. அது வேறு, மெல்லிய ஈரத்தில் பிரேக் பிடிப்பது வேறு. ஒன்றில் நன்றாக இருக்கும் டயர் மற்றொன்றிலும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் டயர்களில் ஈரப் பிடிப்புக்கு ஏ (மிகச் சிறந்தது) முதல் இ வரை தரம் போட்ட லேபிள் இருக்கும். 2021 மே முதல் புதிய வடிவில் வருகிறது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், அதே மாடல், அதே சைஸ் அங்கே விற்கப்பட்டால் இணையத்தில் அந்தத் தரத்தைத் தேடிப் பார்க்கலாம். மாடல் ஒன்றே ஆனாலும் சைஸுக்குச் சைஸ் தரம் மாறும் என்பதால் சைஸையும் சரிபாருங்கள்.

கடையில் டயரைப் பார்த்தே ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

நிறையவே முடியும். டயரைக் கீழே படுக்க வைக்கச் சொல்லி, பட்டனை நெருங்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு பட்டன் மீதும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். சைப் என்பார்கள். ஈரத்திலும் பனியிலும் கடிப்பது இந்த வெட்டுகளின் விளிம்புதான். கட்டை விரலால் பட்டனை மடக்கி, வெட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். காடியின் அடி வரை போகிறதா, பாதியிலேயே நின்றுவிடுகிறதா? பாதியில் நிற்கும் டயர் புதிதாக இருக்கும்போது நன்றாக ஓடும். பாதி தேய்ந்த பிறகு வெட்டுகள் மறைந்து, வெறும் ரப்பர் கட்டி மட்டும் மிஞ்சும். விலைப் பட்டியலில் இது தெரியாது, விரலுக்குத் தெரியும்.

அடுத்து, நடுப்பகுதி. நடுவில் பட்டன்கள் கிட்டத்தட்டத் தொடர்ச்சியாகப் பின்னிக்கொண்டிருந்தால் அது தார்ப் பக்கம் சாய்ந்த டயர். நடுவிலும் பெரிய பெரிய இடைவெளி இருந்தால் மண் பக்கம். தினசரி ஓட்டத்துக்கு முதலாவதைத்தான் சொல்வேன்.

காடிக்குள்ளே சின்னச் சின்ன மேடுகள் தெரிகின்றனவா? அவை கல்லை வெளியே தள்ளுபவை. காடியில் மாட்டிய கல் வண்டி ஓட ஓட உள்ளே துளைத்துக்கொண்டு போய், டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட்டைத் தொட்டுவிடும். சரளை ரோட்டில் ஓடுபவர்களுக்கு இந்த மேடுகள் அவசியம்.

265/70 ஆர் 17, 115 டி என்றெல்லாம் எழுதியிருப்பது என்ன?

265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 70 என்பது சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளே இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்காக ஓடும் டயர். 17 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். 115 சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் அதிகபட்சம் 1,215 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகம்: க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், ஆர் 170, எஸ் 180, டி (T) 190.

டிரைவர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஓர் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள சைஸ், சுமைத்திறன், காற்றழுத்தம் மூன்றும்தான் உங்கள் தொடக்கப் புள்ளி. சுமைக் குறியீடு அதற்குக் கீழே போகக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

எல்.டி. டயர் வாங்க வேண்டுமா, சாதாரண வகை போதுமா?

கடைக்காரர் பெரும்பாலும் "எல்.டி. போடுங்க, ஸ்ட்ராங்" என்பார். லைட் டிரக் என்பதன் சுருக்கம் அது. வலுவானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வலு எங்கே வேண்டும், எங்கே பாரம் என்று பார்க்க வேண்டும்.

எல்.டி. டயர்களில் சி, டி, இ (C, D, E) என்று சுமை வகுப்புகள் உண்டு. சி 6 ப்ளைக்கு (உள் நூலடுக்குக்கு) சமம், அதிகபட்சக் காற்று பெரும்பாலும் 50 பி.எஸ்.ஐ. டி 8 ப்ளை, 65 பி.எஸ்.ஐ. இ 10 ப்ளை, 80 பி.எஸ்.ஐ. இந்த ப்ளை எண் பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கு. இன்றைய 10 ப்ளை டயருக்குள் பத்து அடுக்கு இருக்காது, அந்த அளவு வலு இருக்கும் என்று மட்டுமே அர்த்தம்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: எல்.டி. டயர் தன் சுமையை அதிகக் காற்றில்தான் தாங்கும். 265/70 ஆர் 17 சைஸையே எடுத்துக்கொள்வோம். சாதாரண வகை 115 குறியீட்டு டயர் 35 பி.எஸ்.ஐ. அளவிலேயே 1,215 கிலோ வரை தாங்கும். அதே சைஸ் எல்.டி. சி வகுப்பு 50 பி.எஸ்.ஐ.யில் 1,120 கிலோ. இ வகுப்பு 80 பி.எஸ்.ஐ.யில் 1,450 கிலோ. அமெரிக்க விதிப்படி, இந்தச் சாதாரண வகையை, அதாவது கார் வகை டயரை, டிரக்கில் பொருத்தினால் அதன் சுமைத்திறனை 1.10-ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் 1,215 என்பது 1,105 கிலோ அளவுக்கு வந்துவிடுகிறது. ஆக, எல்.டி. சி வகுப்பு சுமையில் பெரிதாக முந்திவிடவில்லை. அதன் ஆதாயம் ஆழமான பட்டனும், வெட்டுக்குத் தாங்கும் உடம்பும்.

இ வகுப்பு வேறு கதை. பாடி நிறைய லோடு ஏற்றுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள், கூர்மையான கல் நிறைந்த பாதையில் போகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் வாரத்தில் பெரும்பாலான நாள் காலி பாடியுடன் ஆபீசுக்குப் போகும் வண்டியில் இ வகுப்பு போட்டால், ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் தெரியும். சக்கரம் ஒவ்வொன்றும் சில கிலோ கனமாகும். சஸ்பென்ஷனும் பிரேக்கும் அந்தக் கூடுதல் எடையோடு போராடும். ஈர ரோட்டில் அந்த விறைப்பான டயர் சரியாகப் படிந்து உட்காராது.

என் பரிந்துரை இதுதான்: வண்டியோடு வந்தது சாதாரண வகை என்றால், அதே வகையில், அதே சுமைக் குறியீட்டில் ஏ.டி. இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலான பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. வண்டியோடு வந்தது எல்.டி. என்றால் அதிலிருந்து இறங்கவே கூடாது.

அப்படியானால் காற்று எவ்வளவு வைப்பது?

அதே சைஸ், அதே வகை என்றால் கதவு ஸ்டிக்கரில் உள்ளதைப் பின்பற்றுங்கள். சாதாரண வகையிலிருந்து எல்.டி.க்கு மாறினால், அதே 35 பி.எஸ்.ஐ. போதாது. தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்து, பழைய டயர் தாங்கிய சுமையைப் புது டயர் எந்த அழுத்தத்தில் தாங்குகிறது என்று கண்டுபிடித்து வையுங்கள். சைடுவாலில் அச்சடித்திருக்கும் எண் அதிகபட்ச அழுத்தம். அதை அப்படியே ஊதிவிடுவது பரவலாக நடக்கும் தவறு. காலி பிக்கப்பில் 80 பி.எஸ்.ஐ. வைத்தால் நடுப்பட்டன் மட்டும்தான் ரோட்டைத் தொடும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பட்டனின் குறுக்கே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடிமனாகக் கோடு போடுங்கள். நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழு அகலத்துக்கும் சீராக அழிந்திருந்தால் நல்லது. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் சாக்பீஸ் அப்படியே இருந்தால் காற்று குறைவு. ஆனால் இது நுட்பமாகச் சரிசெய்ய மட்டுமே. அட்டவணை சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இதை வைத்து இறங்க வேண்டாம். லோடு ஏற்றும் நாளில் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். பருவம் மாறும்போது டயர் தானாக இளைத்துப்போவது இதனால்தான்.

மணலிலும் சேற்றிலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மணலில் நன்றாகவே போகும், காற்றை இறக்கினால். 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படுத்து, தொடும் பரப்பு கூடும். அந்த அழுத்தத்தில் வேகமும் கூடாது, சட்டென்று ஒடித்துத் திருப்பவும் கூடாது, ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் மறுபடி ஊத வேண்டும். ஆகவே சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

களிமண் சேறு வேறு. ஏ.டி. டயரின் காடிகள் பசைச் சேற்றில் சில சுற்றுகளிலேயே அடைத்துக்கொள்ளும், பிறகு அது மொட்டை டயர்தான். தினமும் அப்படிப்பட்ட சேற்றில் போக வேண்டியவர்களுக்கே எம்.டி. வருடத்தில் எப்போதாவது என்றால், வேறு வழி பாருங்கள் அல்லது கயிறும் இன்னொரு வண்டியும் கூட்டிப் போங்கள்.

கொஞ்சம் பெரிய சைஸ் போட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல பிக்கப்புகளில் வரும் 265/65 ஆர் 17 டயரின் மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70 ஆர் 17 போட்டால் 803. வித்தியாசம் 3.4 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்பைவிட 3.4 சதவீதம் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். தரைக்கும் வண்டிக்கும் இடையே கிடைக்கும் கூடுதல் உயரமோ 13 மில்லிமீட்டர்தான், ஏனென்றால் விட்டத்தில் பாதிதான் கீழே வரும். 285/70 ஆர் 17 என்றால் விட்டம் 831, அதாவது 7 சதவீதம் பெரிது. கியர் எல்லாம் அந்த அளவு நீண்டுபோனது போல இருக்கும், வண்டி சோம்பலாகக் கிளம்பும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

முதல் வகை மாற்றம் பல வண்டிகளில் உரசாமல் உட்காரும். இரண்டாவதுக்கு ஃபெண்டர் லைனரை (சக்கரத்துக்கு மேலே உள்ள உள் உறையை) வெட்டுவது, வண்டியை உயர்த்துவது என்று வேலை நீளும். உங்கள் நாட்டு விதியும் இன்சூரன்ஸும் எவ்வளவு அனுமதிக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தினசரி வண்டிக்கு நான் கம்பெனி சைஸையே சொல்வேன். 13 மில்லிமீட்டருக்காக இவ்வளவையும் விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சத்தம் எவ்வளவு வரும்?

புதிதாக இருக்கும்போது நல்ல ஏ.டி. டயரின் சத்தம் பலருக்குப் பொருட்டாகவே இருக்காது. பட்டன்களின் அளவை வேண்டுமென்றே முன்பின்னாக அமைத்திருப்பார்கள், ஒரே சுருதியில் ரீங்காரம் எழாமல் இருப்பதற்காக. தொல்லை தொடங்குவது தேய்மானம் சீரற்றுப் போகும்போது. உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து, டயர் சுழலும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலக் கையைக் கீறுவதாகவும் இருந்தால், ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்கிறது. முற்றிவிட்டால் அந்த ஓசையை மீட்பது கடினம். ஆரம்பத்திலேயே சக்கரங்களை இடம் மாற்றுவதுதான் மருந்து.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுவது?

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள். பின்சக்கர ஓட்டமும் நான்கு சக்கர ஓட்டமும் உள்ள பிக்கப்பில் பொதுவான முறை: பின் டயர்கள் நேராக முன்னே வரும், முன் டயர்கள் இடம் வலம் மாறிப் பின்னே போகும். டயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது. ஸ்டெப்னியும் அதே டயராக இருந்தால் ஐந்தையும் சுழற்சியில் சேர்த்துவிடுங்கள், எல்லாம் ஒன்றாகத் தேயும்.

டீசல் செலவு கூடுமா?

கூடும். எடை, ஆழமான பட்டன், உருளும் எதிர்ப்பு மூன்றும் சேர்ந்து சில சதவீதம் தின்னும். சாதாரண வகை ஏ.டி.யில் குறைவாக, இ வகுப்பில் அதிகமாக. விட்டத்தையும் பெரிதாக்கினால் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டுவதால் மைலேஜ் இருப்பதைவிட மோசமாகத் தெரியும், அதைத் திருத்திக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பனி பெய்யும் இடத்தில் இருக்கிறேன். எம்+எஸ் முத்திரை போதுமா?

போதாது. எம்+எஸ் என்பது சேறும் பனியும் என்ற குறிப்பு. பட்டன் அமைப்பை வைத்துத் தரப்படுவது, தனிப் பனிச் சோதனை அதற்குத் தேவையில்லை. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். 1999-இல் வந்த இந்தச் சின்னத்துக்கு, அழுத்திய பனியில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்ட வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். பல ஏ.டி. டயர்களில் இந்தச் சின்னம் உண்டு. ஆனால் அந்தச் சோதனை கிளம்பும் இழுவையைப் பற்றியது, உறைந்த பனிக்கட்டியில் நிற்பதைப் பற்றியது அல்ல. குளிர்காலம் முழுக்க ரோடு உறைந்து கிடக்கும் ஊர் என்றால், தனியாகக் குளிர்கால டயர் ஒரு செட் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் நான்கும் ஒரே மாடல், ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பில் இது இன்னும் முக்கியம். பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள வண்டியில் இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்னால் பிடிப்பு போனால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் மீளலாம். பின்னால் போனால் சுழன்றுவிடும்.

எந்த பிராண்ட் நல்லது?

பிராண்டை விட மாடலும், அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும்தான் முக்கியம். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 2014-இல் வந்தது, அதற்கு அடுத்த கே.ஓ.3 2024-இல். சைடுவால் வலுவுக்கும் கல் பாதைக்கும் பெயர் வாங்கிய குடும்பம் இது, மண் அதிகம் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ.டி. ஜி015 தார்ப் பக்கம் சாய்ந்த, மென்மையான வகை. ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓப்பன் கன்ட்ரி வரிசைகள் இவற்றுக்கு நடுவில் பலரும் தேடிப் போகிறவை. உங்கள் சைஸில் உள்ளதை வரிசைப்படுத்தி, ஈரப் பிடிப்பு, சுமைக் குறியீடு, எடை மூன்றையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே தெளிந்துவிடும்.

தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வருகிறது, வாங்கலாமா?

சைடுவாலில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஓரிரு வருடம் நிழலில் இருந்தது என்றால் எனக்கு மறுப்பில்லை. மூன்றுக்கு மேல் என்றால் வேண்டாம் என்பேன், ஏனென்றால் ஏ.டி. டயரில் பட்டன் தீர்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டி ஓட்டக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை.

எப்போது மாற்றுவது?

பல நாடுகளில் சட்டப்படியான எல்லை 1.6 மில்லிமீட்டர், காடிக்குள் உள்ள தேய்மானக் கட்டை அதைத்தான் காட்டுகிறது. மழை ரோட்டில் ஓட்டுபவர்கள் அது வரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றுங்கள்.

பஞ்சர் ஆனால்?

பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டர் வரையிலான துளை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுப் போடலாம். வெளியிலிருந்து குத்தும் திரி ஊர் போய்ச் சேர மட்டும். சைடுவாலில் கிழிசல் என்றால் மூன்றடுக்கு சைடுவாலாக இருந்தாலும் டயர் முடிந்தது.

பொருத்தும் நாளில் எதைக் கவனிப்பது?

நான்கின் தேதியையும் ரிம்மில் ஏற்றும் முன் பாருங்கள். பேலன்சிங் முடிந்து, வீல் அலைன்மென்ட் கண்டிப்பாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய டயரில் மறைந்திருந்த கோளாறு புது ஏ.டி. பட்டனைச் சீக்கிரம் கெடுத்துவிடும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, உள்ளே எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் எத்தனை காற்று வைத்தார் என்று கேட்டு, அளந்தும் பாருங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வரை முடுக்கும் கருவி) வைத்து முடுக்கச் சொல்லுங்கள், 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொருமுறை சரிபாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை விடுவிக்கப் பூசிய வழவழப்பு பட்டன் மேல் இருக்கும். அது தேய்ந்து போகும் வரை முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, வளைவுகளில் நிதானமாக ஓட்டுங்கள்.